ஒரு பந்தயக் காருக்கு நான் எழுதிய பதினோரு ‘இல்லை’

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். சட்டப் பிரிவுகளைச் சொல்ல மாட்டேன். அவை உங்கள் கையிலுள்ள டேப்லெட்டில் இருக்கின்றன, எனக்கோ பாதி மறந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் மறக்காமல் இருப்பவை நான் செய்த தப்புகள்தான். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த தப்பு ஒன்று உண்டு. அதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நாம் என்ன பெயர்ப்பலகை வைத்துக்கொண்டாலும் ஊர் நம்மை ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் கூப்பிடும். என்னைப் ‘பிரேக் இன்ஸ்பெக்டரம்மா’ என்பார்கள். எட்டு போடத் தெரியாமல் காலை ஊன்றியவர்கள் வேறு மாதிரியும் சொல்லியிருப்பார்கள். காது கொடுத்துக் கேட்டதில்லை. ஆரம்பத்தில் அந்தப் பெயர் எனக்குக் கோபத்தைக் கொடுத்தது. ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போதுதான் அது எவ்வளவு நல்ல பெயர் என்று புரிந்தது.

அன்று பௌர்ணமிக்கு முந்தின நாள். திருவண்ணாமலையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நாள் எப்படி இருக்கும் என்று தெரியும். நான்கு திசையிலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வரும். தற்காலிகப் பேருந்து நிலையங்களில் நின்று டயர், பிரேக், அனுமதிச் சீட்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அந்த அவசரத்தில் வருவாய்த் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கிரிவலப் பாதையை அகலப்படுத்த, அடி அண்ணாமலை அருகே மூடிக் கிடந்த ஒரு அரிசி ஆலையின் இடத்தை எடுக்கிறார்கள். ஆலைக் கொட்டகையில் யாரும் உரிமை கோராத வாகனம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து, என்ன செய்யலாம் என்று அறிக்கை தர வேண்டும்.

போகிற வழிதானே என்று ஜீப்பை நிறுத்தினேன். கொட்டகைக்குள் இருட்டு. தார்ப்பாயைப் பாதி தூக்கி, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கட்டைகள்மேல் தூக்கி நிறுத்திய ஒரு கூடு தெரிந்தது. படிவத்தை எடுத்து வரிசையாக எழுத ஆரம்பித்தேன். பதிவெண் இல்லை. பதிவுச் சான்று இல்லை. சேசிஸ் எண் இல்லை. முகப்பு விளக்கு இல்லை. பின் விளக்கு இல்லை. ஹாரன் இல்லை. முன் கண்ணாடி இல்லை. வைப்பர் இல்லை. கதவு இல்லை. மட்கார்டு இல்லை. கூரை இல்லை.

பதினோரு ‘இல்லை’ எழுதியபின் யாருக்குமே வரக்கூடிய முடிவுதான் எனக்கும் வந்தது. ‘உதிரி பாகங்கள் கழற்றி எடுக்கப்பட்ட வெற்றுக் கூடு. பழைய இரும்பாக ஏலம் விடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வேகமாக வேலை பார்த்துவிட்ட திருப்தியில் பேருந்துகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

பௌர்ணமிக் கூட்டம் வடிந்த மறுநாள், வேங்கிக்கால் அலுவலகத்தில் என் மேஜைக்கு எதிரே தஸ்தகீர் பாய் வந்து நின்றார். ஊரில் டிங்கர் வேலைக்குப் பெயர் போனவர். நசுங்கிப் போன எத்தனையோ பேருந்துகளை அவர் தட்டி நிமிர்த்தி என்னிடம் தகுதிச் சான்றுக்கு அனுப்பியிருக்கிறார். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது. கண்ணில் புரை விழுந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அடி அண்ணாமலை மில்லுல ஒரு வண்டி பாத்தீங்களாமே, மேடம்.”

“பாத்தேன் பாய். எவனோ எல்லாத்தையும் கழட்டிக்கினு போயிட்டான்.”

“லைட்டக் கழட்டினா அந்த எடத்துல ஓட்டை இருக்கணுமே. இருந்துச்சா?”

நான் யோசித்தேன். வெளிச்சம் அடித்தபோது முன்பக்கம் வழவழவென்று இருந்தது. ஒரு துளைகூட இல்லை.

“இல்ல” என்றேன். என் வாயிலிருந்து வந்த பன்னிரண்டாவது ‘இல்லை’ அது.

“அதுக்கு லைட்டே வெக்கல மேடம். கதவும் வெக்கல, ஹாரனும் வெக்கல. வெச்சா வெயிட் ஜாஸ்தியாயிடும். அது ரேஸ் வண்டி. நாந்தான் கட்டினேன்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். எனக்கு முகம் சுட்டது. முப்பது வருட அனுபவம் என்று மார்தட்டிக்கொண்டிருந்த நான், துளை இல்லாத இடத்திலிருந்து விளக்கு திருடு போனதாக எழுதியிருக்கிறேன்.

“அப்போ ஓனர் நீங்கதானே பாய்? ஒரு லெட்டர் குடுங்க. அறிக்கைய மாத்திடறேன்.”

“ஐயோ, அது முதலாளியோடது. நான் எப்படி எழுதிக் குடுப்பேன்?”

முதலாளி என்று அவர் சொன்னது ஆலையை நடத்திய ஏகாம்பரத்தை. அவர் இறந்து மூன்று வருடமாகியிருந்தது. ஒரே மகள் மல்லிகா, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அங்கேயே உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தேன்.

“அந்தக் காருங்களா? அது பாயோடதுங்க” என்றார் மல்லிகா டீச்சர். “எங்களோடது இல்லன்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்டயே எழுதிக் குடுத்துட்டேனே.”

அப்போதுதான் ‘உரிமை கோராத வாகனம்’ என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது. கிராம நிர்வாக அலுவலர் கேட்டபோது டீச்சர், பாயுடையது என்றார். பாயோ, முதலாளியுடையது என்றார். அந்த அலுவலர் பாவம், வேறென்ன எழுதுவார்? ஒரு பொருளுக்கு நாலு பேர் அடித்துக்கொள்வதைச் சர்வீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஆள் வேண்டாம் என்று தள்ளிவிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

“லாரி என்னைக்கு வருது, பாய்?”

“நாளைக்குக் காலைல. கிரேனோட வராங்களாம்.”

என் மேலதிகாரியிடம் போனேன். அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டுமானால், நேரில் மறு ஆய்வு செய்து, உரிமையாளரின் கையெழுத்தோடு புது அறிக்கை தர வேண்டும் என்றார். உங்களிடம் விளக்கம் கேட்டு மெமோவும் வரும், ஓய்வு பெறப்போகிற நேரத்தில் தேவையா என்று அக்கறையோடு கேட்டார். அறையை விட்டு வெளியே வந்ததும் சக ஊழியர் ஒருவர் அதையே சொன்னார். ஒரு பழைய கூட்டுக்காக ஏன் மேடம் என்றார். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்த வழவழப்பான முன்பக்கம் வந்து நின்றது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆலை முற்றத்தில் லாரி, கிரேன், வருவாய் ஆய்வாளர், நான், பாய், டீச்சர். வருவாய் ஆய்வாளர் நல்ல மனிதர். ஆனால் கிரேனுக்கு மதியம் வேறு இடத்தில் வேலை இருந்தது. “பன்னெண்டு மணி வரைக்கும் தாங்குவேன் மேடம். அதுக்குள்ள யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடட்டும்” என்றார்.

தார்ப்பாயை இந்த முறை முழுதாக எடுக்கச் சொன்னேன். காரைக் கட்டைகளிலிருந்து இறக்கி வெளிச்சத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அதை உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரே ஒரு ஆள் உட்காரும் கார். பழைய சலூன் கார் ஒன்றின் என்ஜின். அதைச் சுற்றி இரும்புக் குழாயில் சட்டம், மேலே அலுமினியத் தகடு. முழுக்கக் கையால் தட்டி வளைத்தது. தடவிப் பார்த்தால் சுத்தியல் பட்ட இடம் விரலுக்குத் தெரியவில்லை. அச்சில் புது கிரீஸ். பக்கவாட்டில் ஒரு வெள்ளை வட்டம் வரைந்திருந்தது. பந்தய நாளன்று கொடுக்கும் எண்ணை எழுதுவதற்கான இடம். அதில் எண் எழுதப்படவே இல்லை.

சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாவது சுற்றில் எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைத்தான் பழைய இரும்பு என்று எழுதினேன்.

“ஏன் பாய் ஓடவேயில்ல இது?” என்று கேட்டேன்.

பாய் சொன்னார். நாற்பது வருடத்துக்கு முந்தைய கதை. ஏகாம்பரத்துக்குக் கார் பந்தயம் என்றால் உயிர். அப்போது பந்தயம் நடந்துகொண்டிருந்த சோழவரம் ஓடுதளத்தில் தானே ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பாய் இரண்டு வருடம் பாடுபட்டுக் காரைக் கட்டினார். பெயர் கொடுத்தாயிற்று, கொண்டுபோக லாரியும் வாசலில் வந்து நின்றாயிற்று.

“ஸ்டியரிங் கையில, அதான் சக்கரத்தத் திருப்புற கம்பியில, ஒரு வெல்டு, மேடம். அத வெச்ச அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். கை நடுங்கிச்சு. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா லாரியில ஏத்தும்போது மனசு ஒப்பல. முதலாளி, இந்த வெல்டு மேல எனக்கு நம்பிக்கையில்ல, ஓட்டாதீங்கன்னு சொல்லிட்டேன். அவரு ஒரு வார்த்த திருப்பிக் கேக்கல. வண்டிய எறக்கிட்டு லாரியக் காலியாத் திருப்பி அனுப்பிட்டாரு.”

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். அடுத்த வருடம் ஆலையில் தீ. அதற்கடுத்த வருடம் மல்லிகாவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பிறகு சோழவரத்தில் பந்தயமே நின்றுபோயிற்று. கார் கொட்டகையிலேயே தங்கிவிட்டது.

“வெள்ளிக்கிழம தொழுகை முடிச்சிட்டு வந்து துடைச்சிக்கினு போவேன். வருஷத்துக்கொரு தடவ ஆயுத பூஜைக்கு ஸ்டார்ட் பண்ணுவோம், நகத்த மாட்டோம். எல்லாத்தையும் கழட்டி மாட்டியிருக்கேன். அந்த வெல்ட மட்டும் இன்னைய வரைக்கும் பாக்கல.”

“ஏன்?”

“நல்லா இருந்துச்சுன்னா என்ன பண்றது, மேடம்? ஒரு மனுஷனோட ஆசைய நான் சும்மாவே கெடுத்தவனா ஆயிடுவேன். நான் இதுக்கு ஓனர்னு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

டீச்சர் குறுக்கே வந்தார். “அப்பா சாகறதுக்கு முன்னாடி சொன்னது பாய், வண்டி தஸ்தகீருக்குன்னு. நான் போட்டா அது திருட்டுக் கையெழுத்துங்க.”

மணி பத்தரை. கிரேன் ஓட்டுநர் ஒரு முறை ஹாரன் அடித்தார்.

“நீங்க இன்ஸ்பெக்டர். நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றார் பாய். “எனக்குக் கண்ணும் தெரியல. இனிமே நான் நெனச்சாலும் பாக்க முடியாது.”

நம் வேலையில் மெஷின் இல்லாத இடத்தில் விரிசல் பார்க்க ஒரு பழைய வழி உண்டு. இரும்பைச் சுத்தமாகத் துடைத்து மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் கசிந்து, வெள்ளையில் ஒரு கோடு விழும். மண்ணெண்ணெய் பாயின் பாட்டிலிலேயே இருந்தது. சாக்பீஸ் டீச்சர் கைப்பையிலிருந்து வந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அதை அவர் பையிலிருந்து எடுத்து வைக்கவில்லை.

நானே தரையில் படுத்து வெல்டைத் துடைத்தேன், தடவினேன், காத்திருந்தேன், பூசினேன். டீச்சரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் குனிந்தார். பாய் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றார். கால் மணி நேரம் போயிற்று.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

“கோடு வந்துச்சா மேடம்?” என்றார் பாய், திரும்பாமல்.

வருவாய் ஆய்வாளர் என் காதருகே வந்தார். “வந்துச்சுன்னு சொல்லிடுங்க மேடம். பெரியவரு நிம்மதியாக் கையெழுத்துப் போட்டுடுவாரு.”

பிள்ளைகளே, நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. ‘வந்துச்சு’ என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. அவருக்குப் பார்வை இல்லை. ஒரு பொய்யில் கார் பிழைக்கும், பாயின் நாற்பது வருட பாரம் இறங்கும், என் மானமும் தப்பும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த மனிதர் தன் வேலையிலேயே சந்தேகம் வந்ததும், லாரி வாசலில் நிற்கும்போது, முதலாளி முகத்தைப் பார்த்து அதைச் சொன்னவர். அப்படிப்பட்டவரிடம் பார்த்ததை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன தடவை பார்க்காமல் எழுதினேன். இந்தத் தடவை பார்த்ததைச் சொல்லாமல் விட்டால் நான் எதற்கு?

“வரல பாய். மேல விரிசல் எதுவும் இல்ல. உள்ளுக்குள்ள இருக்கறத சாக்பீஸ் சொல்லாது. ஆனா நான் பாத்த வரைக்கும் வெல்டு நல்லா இருக்கு.”

அவர் தோள் இறங்கியது. “அப்போ நான் சொன்னது தப்பு” என்றார் மெதுவாக. “நல்ல வண்டிய உக்கார வெச்சிட்டேன்.”

நான் செய்தது சரிதானா என்று எனக்கே பயமாகிவிட்டது. டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, அவருக்கு முன்னால் போய் நின்றார்.

“அப்பா ஓட்டியிருந்தா ஜெயிச்சிருப்பாரோ, தோத்திருப்பாரோ, எங்கயாவது போய் மோதியிருப்பாரோ, எனக்குத் தெரியாதுங்க பாய். அப்பா வண்டிய உங்களுக்குக் குடுத்தது வெல்டுக்காக இல்ல. சந்தேகம்னு ஒன்னு வந்ததும் மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்காக. எங்க வீட்ல எத்தன தடவ அதச் சொல்லியிருக்காரு தெரியுமா? காலேஜ்ல எனக்குக் கணக்குல மார்க்கு கம்மியா வந்து மறைச்சப்போகூட உங்க பேரச் சொல்லித்தான் திட்டினாரு.”

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, யாரும் எதிர்பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“வெல்டு நல்லா இருந்தா, வண்டிய ஓட்டலாம்தானே மேடம்?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “ஓட்டலாம். ஆனா பிரேக் பிடிக்குதான்னு நான் பாக்கணும்” என்றேன்.

என் ஜீப்பிலிருந்து பேட்டரி வந்தது. வருவாய் ஆய்வாளர் தன் பைக்கிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல் பிடித்துக் கொடுத்தார். சற்று முன் பொய் சொல்லச் சொன்ன அதே மனிதர்தான். ஆலைக்குள் நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் இருந்தது, நீளமாக, சமமாக. காரை அங்கே நிறுத்தினோம்.

“ஏறுங்க பாய்” என்றார் டீச்சர்.

“எனக்குக் கண்ணு தெரியாது பாப்பா. இன்ஸ்பெக்டரம்மா பாத்துக்கினு இருக்காங்க, கேஸ் போட்டுடுவாங்க. நீ ஏறு.”

அறுபது வயது டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவைக் கொசுவத்தை அள்ளிப் பிடித்துக்கொண்டு அதில் இறங்கி உட்கார்ந்தார். பாய் பக்கத்தில் நின்று எது கிளட்ச், எது பிரேக் என்று சொன்னார். என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் களத்திலிருந்த புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. கிரேன் ஓட்டுநர் கீழே இறங்கி வந்துவிட்டார்.

நான் களத்தின் மறுகோடிக்குப் போய் நடுவில் நின்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரேக்கில் சந்தேகம் இருந்தால் வண்டிக்கு முன்னால் போய் நிற்பேன். உங்களுக்கு அதை நான் சிபாரிசு செய்யவில்லை, விதிமுறையில் கிடையாது. ஓட்டுகிறவருக்கு அப்போதுதான் பொறுப்பு வரும் என்பது என் கட்சி. அன்று அதற்காகப் போய் நிற்கவில்லை. பழைய இரும்பு என்று எழுதியவள் அதன் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும் என்று தோன்றியது.

கார் நகர்ந்தது. மனிதன் நடக்கும் வேகம்தான். டயரெல்லாம் கட்டிப்போயிருந்தது, அதற்கு மேல் முடியாது. பாய் கூடவே நடந்து வந்தார், ஒரு கையைத் தகட்டின்மேல் வைத்தபடி. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக என்னையே பார்த்து வந்தார். பந்தயத்துக்கென்று கட்டிய கார், தன் வாழ்நாளில் முதல் முறையாக, ஒரு கிழவரின் நடைக்கு ஈடுகொடுத்து வந்தது.

“இப்போ மிதி பாப்பா” என்றார் பாய்.

என் முழங்காலுக்கு இரண்டடி முன்னால் நின்றது.

பதினொன்றே முக்காலுக்குத் தஸ்தகீர் பாய் உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக டீச்சர் போட்டார். லாரி வந்தது வீணாகவில்லை. அதே லாரியில் காரை ஏற்றிப் பாயின் பட்டறைக்கு அனுப்பினார் வருவாய் ஆய்வாளர். எனக்கு மெமோ வந்தது. ‘கவனக்குறைவாக ஆய்வு செய்தேன்’ என்று ஒரே வரியில் விளக்கம் எழுதினேன். அது உண்மை.

கார் இன்னும் அந்தப் பட்டறையில்தான் இருக்கிறது. வெள்ளை வட்டத்தில் இன்னும் எண் இல்லை. எப்படியோ கேள்விப்பட்டு, இப்படிப்பட்ட கார்களைச் சேர்த்து வைப்பவர்கள் வெளியூர்களிலிருந்து வந்து விலை கேட்கிறார்கள். பாயைக் கேட்டால் டீச்சரைக் கேளுங்கள் என்கிறார். டீச்சரைக் கேட்டால் பாயுடையது, அவரைக் கேளுங்கள் என்கிறார். இரண்டு நடை நடந்துவிட்டு அவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

அன்று நான் கொடுத்த புது அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. அதே படிவம்தான். விளக்கு, ஹாரன், கதவு, கூரை எல்லாவற்றுக்கும் எதிரே ‘இவ்வாகனத்துக்குத் தேவையில்லை’ என்று எழுதினேன். கடைசியில் ‘வாகனத்தின் நிலை’ என்று ஒரு கட்டம் இருக்கும். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். பிறகு, என் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினேன்: பிரேக் பிடிக்கிறது.